கடைசித் திருப்பலி எந்த மொழியில்?

சாவு வீட்டில் அழுகை அடங்கும் முன்பே கணக்கு தொடங்கிவிடுகிறது. கயத்தாறிலிருந்து அக்கா எத்தனை மணிக்கு வந்து சேருவார்? அதுவரை உடல் தாங்குமா? பங்குச் சாமியார் எப்போது வருவார்? மூணாறு எஸ்டேட் லயங்களில் ஒரு கத்தோலிக்கர் கண்ணை மூடினால் அடக்கத் திருப்பலியின் நேரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் மலைப்பாதையும் பஸ்ஸும்தான்.

நேரத்தைவிடச் சிக்கலானது மொழி. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் கொடுத்தது. ஆனால் கேரள எல்லையில் அந்த மொழி எது என்பது ஒரே வீட்டுக்குள்ளேயே மாறுகிறது. கொழுந்து பறித்து ஓய்ந்த பாட்டி ஜெபமாலை சொன்னது தமிழில். மலையாளப் பள்ளியில் படித்த பேரனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்ட வராது. முதல் வாசகத்தை யார் வாசிப்பது? ஊரிலிருந்து வரும் சித்தப்பாவின் கைக்குப் புத்தகம் போகிறது. சீரோ மலபார் குடும்பத்தில் சம்பந்தம் செய்திருந்தால் இன்னொரு குழப்பம்: அங்கே சடங்கு முறையே வேறு.

பாலக்காட்டுப் பக்கம், 2013 டிசம்பர் 28இல் கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. கோவையின் கீழ் இருந்த பங்குகளுக்கு நிர்வாகம் கேரளத்துக்கு மாறியது. ஒப்பாரி மாறவில்லை.

குடும்பத்தார் தேர்ந்தெடுக்கக்கூடியவை நிறையவே உண்டு. லாசர் உயிர்பெற்ற பகுதியா, 'வழியும் உண்மையும்' பற்றிய பகுதியா என்று குருவிடம் கேட்டு முடிவு செய்யலாம். முந்தைய வாசகங்களை உறவினர்கள் வாசிக்கலாம்; நற்செய்தி குருவுக்கோ திருத்தொண்டருக்கோ உரியது. 1969இல் வந்த புதிய சடங்கு முறை, தீர்ப்பு நாளின் பயத்தைவிட உயிர்ப்பின் நம்பிக்கையை முன்னால் வைத்தது. அதனால்தான் பெட்டியருகே பாஸ்கா திரி. ஞானஸ்நானத்தை நினைவூட்டத் தீர்த்தம்.

மனஸ்தாபம் வருவது பிரசங்கத்தில். இறந்தவரின் புகழ் பாடுவதல்ல மறையுரை என்கிறது சடங்கு முறை. நாற்பது வருடம் எஸ்டேட்டில் மாடாக உழைத்தவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் என்ன பிரசங்கம் என்று கேட்பவர்களின் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. நன்மை வழங்கிய பிறகு, இறுதி விடைக்கு முன்பு, உறவினர் ஒருவர் சுருக்கமாகப் பேசலாம். இதை முன்கூட்டியே சாமியாரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பெரிய வியாழன் முதல் புனித சனி வரை அடக்கத் திருப்பலி கிடையாது. ஜெபத்தோடு அடக்கம் செய்துவிட்டு திருப்பலியைப் பின்னர் வைக்க வேண்டும். தகனத்துக்கு 1963இலேயே தடை நீங்கிவிட்டது என்றாலும் பழக்கம் மண்தான். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் தொற்றால் இறந்தவர்களைத் தகனம் செய்து சாம்பலைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க அனுமதித்தது.

அடுத்த மாதமே, ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் பலி. கயத்தாறு பக்கத்து உறவினர்கள் கொரோனா கட்டுப்பாடுகளைத் தாண்டி வர வேண்டியிருந்தது. எந்தக் குடும்பமும் எதையும் திட்டமிட நேரமில்லை. ராஜமலையில் குழிகள் அடுத்தடுத்து வெட்டப்பட்டன. நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை.

உடல் இல்லாமலும் அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுக்க சடங்கு முறையில் இடம் இருக்கிறது.