தராசு யார் கையில்?

தென்காசி மாவட்டத்து வாசுதேவநல்லூர் ஒரு தனித் தொகுதி. தாழ்த்தப்பட்ட சமூகத்திலே பிறந்த ஒருவர்தான் அங்கே நின்று வென்று சட்டமன்றத்துக்குப் போக முடியும். சட்டம் இயற்றும் சபையிலே அந்த மக்களுக்கு இடம் உண்டென்று சட்டமே உறுதி சொல்கிறது. ஆனால் தோழர்களே, இயற்றிய சட்டத்துக்குப் பொருள் சொல்லும் உயர்நீதிமன்றத்திலே? அங்கே அப்படியோர் உறுதி கிடையாது!

அந்த ஊர் உழவர் நிலவழக்கில் மேல்முறையீடு என்றால் மதுரைக் கிளைக்குப் போகிறார். 2004-க்கு முன்பு சென்னைக்கே போக வேண்டியிருந்தது. பாதை குறுகியது, நல்லதுதான். ஆனால் ஆசனத்தில் வீற்றிருப்பவரை யார் தேர்ந்தெடுத்தார், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்? அது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

முன்பு மந்திரிகள் கை ஓங்கியிருந்தது. அரசியல் சட்டத்தின் 217-ஆவது விதி, தலைமை நீதிபதிகளையும் ஆளுநரையும் 'கலந்து' குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றது. கலந்தால் போதும், கேட்க வேண்டியதில்லை என்று 1981-இல் உச்சநீதிமன்றமே சொல்லிற்று. அந்த அதிகாரம் என்ன செய்யும் என்பதை அதற்கு முன்பே நாடு கண்டுவிட்டது. நெருக்கடி நிலையின்போது, 1976-இல், உயர்நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் மாநிலம் விட்டு மாநிலம் தூக்கியடிக்கப்பட்டார்கள்.

1993-இல் காற்று திசை மாறியது. இனி நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று தீர்ப்பு வந்தது. 'கொலீஜியம்' பிறந்தது. அதை மாற்ற 2014-இல் நாடாளுமன்றம் ஓர் ஆணையத்துக்குச் சட்டம் செய்தது. 2015-இல் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. இன்று பெயர் எழுதுவது கொலீஜியம். கோப்பின்மேல் உட்கார்ந்துகொள்வது டெல்லி சர்க்கார். பிடித்த பெயர் பறக்கிறது, பிடிக்காத பெயர் உறங்குகிறது!

சாவி கை மாறியது; கதவு திறந்ததா? 1862-இல் தோன்றிய சென்னை உயர்நீதிமன்றத்தில், தாழ்த்தப்பட்ட சமூகத்தின் முதல் நீதிபதியாக ஏ. வரதராசன் அமர்ந்தது 1973-இல். 111 ஆண்டுகள்! அவரே 1980-இல் உச்சநீதிமன்றத்துக்கும் அச்சமூகத்தின் முதல் நீதிபதியாகச் சென்றார். அதுவரை தகுதி இல்லாமலா போயிற்று? தகுதி இருந்தது, தாழ்ப்பாள் திறக்கவில்லை.

அது பழங்கதை என்பீர்களா? 2018 முதல் 2022 வரை நாடெங்கும் நியமிக்கப்பட்ட உயர்நீதிமன்ற நீதிபதிகள் 537 பேர். இவர்களில் 79 சதவிகிதம் பேர் பொதுப் பிரிவினர். பிற்படுத்தப்பட்டோர் 11, தாழ்த்தப்பட்டோர் 2.8, பழங்குடியினர் 1.3. இது நம் கணக்கல்ல. ஒன்றியச் சட்ட அமைச்சகம் நாடாளுமன்றக் குழுவிடம் கொடுத்த கணக்கு.

நீதிபதிகள் மந்திரிகளின் எடுபிடிகளாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அந்தக் கேடு 1976-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் மூடிய அறையில் சிலர் கூடி எடுக்கும் முடிவை நீதி என்று ஏற்கவும் நாம் தயாரில்லை. தேர்வுக்குரிய அளவுகோலை வெளியிடுங்கள். பெயர் வந்தால் இத்தனை நாளில் முடிவு என்று கெடு வையுங்கள். மறுத்தால் காரணம் சொல்லுங்கள். எல்லாச் சமூகத்துக்கும், பெண்களுக்கும் இடம் கொடுங்கள்.

வாசுதேவநல்லூர் உழவர் கேட்பது சலுகையல்ல. தராசைப் பிடிக்கும் கைகளில் தம் மக்களின் கையும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறார். அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. சேர்ந்து கேட்க நமக்குக் கடமை உண்டு.