வெற்றிடமும் விடை பகரும்

தனிம வரிசை அட்டவணையை நாம் மனனம் செய்கிறோம். அதில் உறையும் ஒழுங்கைக் காண மறக்கிறோம். கிடைவரிசையில் இடமிருந்து வலமாகச் செல்லச் செல்ல அணுக்கருவின் ஈர்ப்பு மிகுந்து அணு சுருங்குகிறது, உலோகத்தன்மை குன்றுகிறது. நெடுவரிசையில் கீழிறங்குந்தோறும் எலக்ட்ரான் கூடுகள் பெருகி அணு பருக்கிறது. வெளி எலக்ட்ரானின் பிணைப்புத் தளர்கிறது. ஆதலின், நீரில் லித்தியம் மெல்ல வினைபுரிய, அதே குடும்பத்துப் பொட்டாசியம் தீப்பற்றுகிறது.

எலக்ட்ரானே அறியப்படாத 1869இல், பண்புகளின் ஒழுங்கை நம்பி மெண்டலீவ் அட்டவணையில் வெற்றிடங்கள் விட்டார். அலுமினியத்தின் கீழ் வரவேண்டிய தனிமத்தின் அடர்த்தி 5.9 எனக் கணித்தார். 1875இல் அதனைக் கண்டறிந்து காலியம் எனப் பெயரிட்ட பிரெஞ்சு அறிஞர் புவாபோத்ரான், அடர்த்தி 4.7 என்றார். மீண்டும் அளக்குமாறு மெண்டலீவ் வேண்டினார். தூய்மைப்படுத்தி அளந்தபோது 5.9 என்றே வந்தது!

பொருளைக் கையில் ஏந்தியவரை, அதனைக் காணாதவர் திருத்தினார். ஒழுங்கை உணர்ந்தோர்க்கு வெற்றிடமும் விடை பகரும் என்பதை நாம் நெஞ்சிற் கொள்வோம்.