மழைக்கால வருவாய்க்குக் கெலுலுட் தேன்

பட்டை நனைந்திருந்தால் பால்மரம் சீவ இயலாது என்பதைத் தோட்ட மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பருவநிலை மாற்றத்தால் மழை காலந்தவறிப் பெய்யுங்கால் வேலைநாளும் கூலியும் குறைகின்றன. இதனை ஓரளவு ஈடுசெய்யவல்ல சிறுதொழில் கெலுலுட் தேனீ வளர்ப்பு.

இத்தேனீ கொட்டாது, வீட்டுக் கொல்லையே போதும். தளிர்க்கும் காலத்தில் ரப்பர் இலைக்காம்பிலும் இதற்குத் தேன் கிடைக்கும். மழையில் தேனீயும் வெளிச்செல்லாது. வெயிலில் சேர்ந்த தேனே மழைநாளில் காசாகும்.

கெலுலுட் தேனுக்கு 2017இல் மலேசியத் தரநிர்ணயம் வகுக்கப்பட்டது. நீர்ச்சத்து மிகுந்த இத்தேனைக் குளிர்பெட்டியில் வைக்காவிடில் நுரைத்துப் பொங்கிவிடும். விற்க விழைவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே. மருந்து தெளிக்கும் இடங்களை மண்டோரிடம் கேட்டறிந்து, கூட்டை விலக்கி அமைத்திடுக. ஓராண்டு வரவு செலவைக் குறித்துப் பார்த்த பின்னரே இரண்டாம் கூட்டுக்குப் பணம் போடலாம்.