அந்தரங்கம் யாருடையது?

கருக்கலைப்பு என்ற சொல்லை எம்மவர் வீடுகளில் உரத்துச் சொல்வதில்லை. தாயும் மகளும்கூடத் தயங்கித் தயங்கியே பேசும் விடயம் இது. அது சரியா, பிழையா என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. சமயமும் மனச்சாட்சியும் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால், நாம் வந்து குடியேறியிருக்கும் கனடாவில் சட்டம் என்ன சொல்கின்றது என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

ஊரிலிருந்த சட்டத்தையே பலர் இங்கும் மனதிற் சுமந்து திரிகின்றனர். இலங்கையில் 1883ஆம் ஆண்டு பிரித்தானியர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காகவன்றிக் கருவைக் கலைப்பது குற்றம். கலைப்பவருக்கு மட்டுமன்றி அப்பெண்ணுக்கும் சிறைத்தண்டனை கிடைக்கலாம். இன்னும் சிலரோ தொலைக்காட்சியில் அமெரிக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு, இங்கும் தடை வந்துவிட்டதென எண்ணுகின்றனர். இரண்டும் தவறு.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்க அரசியலமைப்பில் 'அந்தரங்க உரிமை' என்ற சொற்றொடர் எங்குமே இல்லை. அதனை நீதிபதிகளே பொருள்கொண்டு வகுத்தனர். கனெக்ரிகட் மாநிலத்தில் 1879ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மணமான தம்பதியர்கூடக் கருத்தடைச் சாதனங்களைப் பாவிக்கலாகாது என்றது. அதனை மீறி நியூ ஹேவனில் சிகிச்சை நிலையம் நடத்திய எஸ்ரெல் கிறிஸ்வோல்ட் அம்மையாருக்கும், வைத்தியர் பக்ஸ்ரனுக்கும் தலா 100 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1965இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. கணவன் மனைவியின் படுக்கையறைக்குள் அரசு நுழையலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

1973இல் 'றோ எதிர் வேட்' வழக்கில் இதே அந்தரங்க உரிமை கருக்கலைப்பு முடிவுக்கும் பொருந்தும் என 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நிலைத்த அத்தீர்ப்பு 2022 ஜூன் 24இல் 'டொப்ஸ்' வழக்கில் கவிழ்ந்தது. அரசியலமைப்பு அத்தகைய உரிமையைத் தரவில்லை என்றது புதிய பெரும்பான்மை. விடயம் மாநிலங்களின் கைக்குப் போயிற்று. ரெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் தடை வந்தது.

கனடாவில் நடந்தது

அமெரிக்கத் தீர்ப்பு கனடாவைக் கட்டுப்படுத்தாது. இங்கே உரிமை வேறொரு தூணில் நிற்கின்றது.

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருக்கலைப்புக்கு மூன்று வைத்தியர்களாவது அடங்கிய வைத்தியசாலைக் குழுவொன்றின் அனுமதி வேண்டும். பல வைத்தியசாலைகளில் அத்தகைய குழுவே இருக்கவில்லை. இதை எதிர்த்தவர் வைத்தியர் ஹென்றி மோர்கென்ரேலர். நாஜிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பி 1950இல் கனடாவுக்கு வந்த போலந்து யூதர் அவர். யூரிமார் நான்கு தடவைகள் அவரைக் குற்றவாளியல்ல என்றனர். ஆயினும் பத்து மாதங்கள் சிறையிலிருந்தார்.

1988 ஜனவரி 28இல் உச்ச நீதிமன்றம், அச்சட்டம் உரிமைகள் சாசனத்தின் 7ஆம் பிரிவு தரும் 'ஆளின் பாதுகாப்பு' என்ற உரிமையை மீறுவதாகக் கூறி அதனைச் செல்லாததாக்கியது. அந்நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியான பேர்த்தா வில்சன், இத்தகைய அந்தரங்க முடிவு பெண்ணின் சுதந்திரத்தையும் சார்ந்தது எனத் தனியாக எழுதினார். பின்னர் அரசு கொண்டுவந்த புதிய சட்டமூலம் 1991இல் செனற் சபையில் 43க்கு 43 எனச் சமநிலையாகித் தோற்றது. அன்றுதொட்டு இன்றுவரை கனடாவில் கருக்கலைப்பைக் குற்றமாக்கும் சட்டம் இல்லை.

எமக்கு இதனால் என்ன?

கணவனின் கையொப்பம் தேவையில்லை. 1989இல் கியூபெக் வழக்கொன்றில், கருவுக்குக் காரணமான ஆணுக்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாமியாருக்கும் அண்ணனுக்கும் அந்த அதிகாரம் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதேபோல், கருவைக் கலைக்கும்படி ஒரு பெண்ணை வற்புறுத்தவும் எவருக்கும் உரிமையில்லை. பிள்ளையைப் பெற விரும்புபவளுக்கும் இதே உரிமையே காவல்.

வைத்தியரிடம் சொன்னது அவருடனேயே இருக்கவேண்டும். குடும்பத்தவருக்குச் சொல்ல உங்கள் சம்மதம் வேண்டும். ஆங்கிலம் போதாதென்று பக்கத்து வீட்டுக்காரரையோ மைத்துனரையோ கூட்டிச் செல்ல வேண்டிய கட்டாயமில்லை; மொழிபெயர்ப்பாளர் தரமுடியுமா எனக் கேட்கலாம். தமது மனச்சாட்சியின் காரணமாக உதவ மறுக்கும் வைத்தியர், ஒன்ராறியோவில் உங்களை வேறொருவரிடம் அனுப்பிவைக்கவேண்டும்.

ஊரில் வேலிக்கு மேலாகச் செய்தி போகும். இங்கே தொலைபேசியில் போகின்றது. சட்டம் அரசைத்தான் வாசலில் நிறுத்தும், ஊர்வாயை நிறுத்தாது. அதை நாம்தான் நிறுத்தவேண்டும். தனியே தவிக்கும் ஒரு பெண் எம்மை நம்பி வாய்திறந்தால், அவளது கதையை எம்மோடு வைத்துக்கொள்வோம்.