கோவளத்து அலையும் வரைபடத்தில் ஏறட்டும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் சில பத்தாண்டுகளுக்கு முன் எழுந்த வீடுகள் பலவற்றின் சுவர்களில் பாலாற்று மணல் இருக்கிறது. லாரி ஏறாமல் இருந்திருந்தால் அதில் ஒரு பங்கு வெள்ளத்தோடு போய், கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேர்ந்திருக்கும். அங்கிருந்து கரையை ஒட்டியே வடக்கே நகர்ந்து மாமல்லபுரத்தையும் கோவளத்தையும் எட்டியிருக்கும். அந்த ஊர்களின் அலைக்கு உருவம் கொடுப்பதில் இந்த மணலுக்கும் பங்கு உண்டு.

ஆழ்கடலில் காற்று கிளப்பும் அலை கரையை நெருங்கும்போது தரை தட்டி வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. அந்த உயரம் நீரின் ஆழத்தில் சுமார் முக்கால் பங்கை எட்டியதும் அலை உடைகிறது. கடலடித் தரை ஒரே மட்டமாக இருந்தால் அலை முழுவதும் ஒரே நேரத்தில் கவிழ்ந்துவிடும். பாறை முனையும் மணல்திட்டும் சாய்வாக அமைந்த இடத்தில் மட்டும் அது ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை சீராக உடைந்துகொண்டே போகும். அலைச்சறுக்கு வீரர்கள் தேடுவது அதைத்தான். மணல்திட்டு சற்றே இடம் மாறினாலும் அலையின் குணம் மாறிவிடும்.

கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் 2012இல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கியதற்குப் பிறகு, மீனவ இளைஞர்கள் பலருக்கு அந்த அலை விளையாட்டாகவும் வருமானமாகவும் ஆகியிருக்கிறது. மாமல்லபுரத்தில் 2023இல் சர்வதேசப் போட்டியும் 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியும் நடந்தன. ஆசியப் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

அலையைக் கெடுக்கப் பெரிய பேரிடர் வேண்டியதில்லை. கடலுக்குள் நீளும் ஒரு கல்சுவர் போதும். மார்ச் முதல் அக்டோபர் வரை இந்தக் கரையில் மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. மொத்தக் கணக்கு வடக்குப் பக்கம்தான். 1876இல் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரையை இழந்தது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, 1990 முதல் 2018 வரை தமிழகக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிப்புக்கு ஆளாகியிருக்கிறது. அரிப்புக்கு மருந்தாகப் போடப்படும் தூண்டில் வளைவு என்ற கல்சுவர் ஓர் ஊரைக் காப்பாற்றி, அரிப்பை வடக்கே அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகிறது. படகு ஏற்ற மணல் இல்லாமல் போகும் மீனவருக்கும், அலை கெட்டுப்போகும் இளைஞருக்கும் இழப்பின் வேர் ஒன்றே.

ஸ்பெயினின் முண்டகா அலை உலகப் புகழ் பெற்றது. 2003இல் ஆற்று முகத்துவாரத்தில் மணலைத் தோண்டியதும் அது சிதைந்தது. 2005இல் அங்கு நடக்க வேண்டிய போட்டி ரத்தானது. பிறகு மணல் மெல்லத் திரும்பியதால் அலையும் திரும்பியது. பெரு நாடு 2000இலேயே அலை உடையும் இடங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. நியூசிலாந்தின் 2010 கடலோரக் கொள்கை 17 இடங்களைப் பெயர் சொல்லிப் பாதுகாக்கிறது.

நம் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பவளப்பாறை, சதுப்புநிலக் காடு, மணற்குன்று, ஆமை முட்டையிடும் கரை ஆகியவற்றைக் காக்க வேண்டியவையாகப் பட்டியலிடுகிறது. அலை உடையும் இடம் அதில் இல்லை; அதனால் கடலோர வரைபடத்திலும் இல்லை. வரைபடத்தில் இல்லாததைத் திட்டம் தீட்டுபவர் எப்படிப் பார்ப்பார்? அந்த அறிவிக்கைப்படி தயாரான தமிழகக் கடலோர வரைபடங்களின் வரைவு 2023இல் வந்தபோது மீனவக் குப்பங்களே சரியாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பின் பக்கம் அலைச்சறுக்குப் பள்ளிகளும் நிற்க வேண்டும்.

வழி அதே அறிவிக்கையில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடலோரக் குழுவில் உள்ளூர் மரபுவழிச் சமூகத்தினர் குறைந்தது மூன்று பேர் இடம்பெற வேண்டும். மணல் எந்த மாதம் எங்கே ஏறும், எந்தக் காற்றில் கரை கரையும் என்பது கடலுக்குள் தினமும் போகிறவர்களுக்குத் தெரியும். அதை ஒரே இடத்திலிருந்து மாதந்தோறும் எடுக்கும் படங்களோடும், பருவம்தோறும் அளந்த ஆழத்தோடும் ஊர்ப் பஞ்சாயத்தும் அலைச்சறுக்குப் பள்ளிகளும் சேர்ந்து பதிவு செய்து அந்தக் குழுவிடம் கொடுக்கலாம். அடுத்த தூண்டில் வளைவுக்கு ஒப்புதல் கேட்கும் கோப்பில், வடக்கே இருக்கும் ஊருக்கும் அலைக்கும் என்ன ஆகும் என்ற கணக்கையும் ஆட்சியர்கள் கேட்டு வாங்க வேண்டும்.