ஊரின் சராசரியும் உங்கள் தெருவும்

மணல்வாரி என்று நாம் சொல்லும் தட்டம்மை, நோய்த்தடுப்பாற்றல் எவருக்கும் இல்லாத ஊரில், ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. நூற்றுக்கு 95 பேர் தடுப்பாற்றல் பெற்றிருந்தால், அது சராசரியாக ஒருவருக்கும் குறைவாகவே பரவும்; நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். இது கணித மாதிரி தரும் விடை.

இம்முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மருத்துவர் ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக். அவரும் கெர்மாக்கும் 1927இல் வெளியிட்ட கட்டுரையில், 1905-06இல் பம்பாயில் பிளேக்கால் நேர்ந்த இறப்புகளைத் தம் சமன்பாட்டோடு ஒப்பிட்டனர். ஊரார் அனைவரும் ஒருவரோடொருவர் ஒரே சீராகப் பழகுவதாக இக்கணக்கு கொள்கிறது.

உண்மையில் நாம் அப்படிப் பழகுவதில்லை. ஆகவே கணினி உருவக மாதிரி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டையும் பள்ளியையும் பணியிடத்தையும் கற்பனையாக அமைத்து, நோய் செல்லும் வழியைப் பின்தொடர்கிறது. கொரோனாக் காலத்தில், 2020இல், இந்திய அறிவியல் கழகமும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூருக்கும் மும்பைக்கும் இவ்வகை மாதிரியை உருவாக்கின.

வெண்ணந்தூரை இவ்விரு முறைகளிலும் எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு 95 பேர் பாதுகாப்புப் பெற்றிருந்தால் கணிதம் நிம்மதி தரும். எஞ்சியவர்கள் ஊரெங்கும் சிதறியிருந்தால் அது சரியே. அவர்கள் ஒரே தெருவிலோ ஒரே தறிக்கூடத்தைச் சுற்றியோ வாழ்ந்தால், அங்கு நோய் வேகமாகப் பரவும் என்று உருவக மாதிரி காட்டும். முன்னது எட்டவேண்டிய இலக்கைச் சொல்கிறது. பின்னது இடைவெளி எங்கே என்று சொல்கிறது. ஆனால் பின்னதற்கு மிகுதியான தரவுகள் தேவை. தரவு பிழையானால் விடையும் பிழையாகும்.

உங்கள் குழந்தைக்கு நோய் வருமா என்பதை இரண்டுமே சொல்லா. எனினும் ஒன்று தெளிவு: ஒன்பது மாதம் நிறையாத சிசுவும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரும் பொதுவாக இத்தடுப்பூசியைப் பெற இயலாது. அவர்களுக்கு அரண், அவர்களைச் சூழ்ந்திருக்கும் நாம்தான்.

தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை 9 முதல் 12 மாதங்களிலும், இரண்டாவது 16 முதல் 24 மாதங்களிலும் இடப்படுகிறது. தவணை விடுபட்டிருப்பின், குழந்தையின் தடுப்பூசி அட்டையுடன் மருத்துவரை அணுகுங்கள். காய்ச்சலோடு உடலில் தடிப்புகள் தோன்றினால், காத்திருப்போர் கூடத்தில் அமருமுன் செவிலியரிடம் தெரிவியுங்கள். அருகில் இருப்பவர் ஒரு சிசுவின் தாயாக இருக்கலாம்.