மடிக்கணினியின் திரை இருண்டால்...

பொத்தானை அழுத்துகிறீர்கள். உள்ளே விசிறி சுழல்கிறது. சிறு விளக்கு எரிகிறது. கணினி விழித்துக்கொண்ட ஓசையும் கேட்கிறது. ஆனால் திரை மட்டும் கழுவி வைத்த கரும்பலகைபோல் இருண்டு கிடக்கிறது. “திரை போய்விட்டது, புதிது போட வேண்டியதுதான்” என்று சொல்லப் பலர் இருப்பார்கள். உடனே நம்பிவிடாதீர்கள். இருண்ட திரையெல்லாம் கெட்ட திரை அல்ல.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு இப்படித்தான் நேர்ந்தது. ஆய்வறிக்கை கொடுக்க மூன்றே நாள் இருந்தது. பழுது பார்க்கும் கடையில் திரையையே மாற்றவேண்டும் என்று சொல்லி, அந்தப் பழைய கணினியின் விலையில் பாதிக்குமேல் கேட்டார்கள். அவளுக்கோ பணத்தைவிட, எழுதியதெல்லாம் போயிற்றோ என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. அந்தக் கவலைக்கு இடமே இல்லை. எழுதியவை இருப்பது கணினியின் உடற்பகுதியிலுள்ள சேமிப்பகத்தில். திரை, அதைப் பார்க்கும் சன்னல் மட்டுமே. அவள் கணினிக்கு என்னதான் கோளாறு என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒளி வேறு, உருவம் வேறு

பெரும்பாலான மடிக்கணினிகளின் திரை திரவப் படிகத் திரை. பெயரே முரணாக இருக்கிறதல்லவா? 1888ஆம் ஆண்டு ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலார் பிராக் நகரில் கொலஸ்டிரில் பென்சோயேட் என்ற பொருளைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அது 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கிய திரவமாயிற்று, 178.5 டிகிரியில் அந்தக் கலக்கமும் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? கலங்கிய நிலையில் அது திரவம்போல் ஓடுகிறது, ஆனால் ஒளியைப் படிகம்போல் நடத்துகிறது என்று ஜெர்மானியரான ஓட்டோ லேமன் கண்டார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இது சோதனைச்சாலை வேடிக்கையாகவே கிடந்தது. 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் திரவப் படிகத்தைக்கொண்டு எழுத்துகளையும் எண்களையும் காட்ட முடியும் என்று அறிவித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் நாட்டுக்கும் இக்கதையில் பங்குண்டு. பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். சந்திரசேகர், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977இல் காட்டினார். திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாதிருக்கச் செய்யும் மெல்லிய படலங்களில் அவ்வகைப் பொருள் பின்னர் பயன்பட்டது.

இனி முக்கியமான செய்தி: திரவப் படிகம் தானாக ஒளி வீசாது. திரையின் அடி விளிம்பில் வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் ஒளியை ஒரு பிளாஸ்டிக் தகடு திரை முழுதும் பரப்புகிறது. இது பின்னொளி. அதற்கு முன்னால் தளவிளைவுத் தாள்கள் இரண்டு. ஒன்றின் வழியே வந்த ஒளியை மற்றது தடுக்கும்படி குறுக்காக வைக்கப்பட்டவை. இரண்டுக்கும் இடையில் திரவப் படிகம். அது ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிவிட்டால் ஒளி வெளியே வரும், திருப்பாவிட்டால் இருள். திருப்புவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு புள்ளியிலும் மின்னழுத்தம் முடிவு செய்கிறது. 1366க்கு 768 என்ற அளவுள்ள சாதாரணத் திரையில்கூட 10 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கதவுகள். மொத்தம் 31,47,264 கதவுகள்! ஒரு துளி நீரைக் கைப்பேசித் திரையின்மேல் விட்டுப் பாருங்கள். துளி உருப்பெருக்கிக் கண்ணாடியாகி அந்த மூன்று நிறங்களையும் காட்டும்.

ஆக, ஒளி ஒரு வழியில் வருகிறது. உருவம் இன்னொரு வழியில் வருகிறது. தாய்ப்பலகையில் உருவாகும் உருவச் செய்தி, மூடியின் கீல் வழியாகச் செல்லும் மெல்லிய கேபிளில் ஏறித் திரையை அடைகிறது. பின்னொளிக்கான மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தேடுவதே நம் வேலை.

டார்ச் விளக்கும் தொலைக்காட்சியும்

முதலில் சில அற்பக் காரணங்களை விலக்கிவிடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டும் விசையைத் தட்டிப் பாருங்கள். கணினியின் மேல் காந்தப் பூட்டுள்ள கைப்பேசி உறை ஏதாவது கிடக்கிறதா? பல கணினிகளின் மூடியில் ஒரு சிறு காந்தமும் உடற்பகுதியில் அதை உணரும் கருவியும் உண்டு. வேறு காந்தம் அருகில் வந்தால் மூடி மூடப்பட்டுவிட்டது என்று கணினி ஏமாந்து திரையை அணைத்துவிடும். சிரிக்காதீர்கள்; இதற்காகக் கடைக்குச் சுமந்துபோனவர்களும் உண்டு.

அடுத்து, அறையை இருட்டாக்கி டார்ச் விளக்கைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றனவா? அப்படியானால் உருவம் வந்துகொண்டிருக்கிறது, பின்னொளிதான் இல்லை. விளக்கு வரிசையோ, அதற்கு மின்சாரம் தரும் வழியோ, தாய்ப்பலகையில் அதற்குரிய ஃபியூஸோ பழுதாகியிருக்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஓ.எல்.இ.டி. வகைத் திரையில் புள்ளிகளே ஒளி வீசுவதால் அங்கே பின்னொளி கிடையாது. இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

டார்ச்சிலும் ஒன்றும் தெரியாவிட்டால், எச்.டி.எம்.ஐ. கேபிளால் கணினியை வீட்டுத் தொலைக்காட்சியோடு இணையுங்கள். தொலைக்காட்சியில் படம் நன்றாக வந்தால் உருவத்தை உண்டாக்கும் பகுதி நலமாக இருக்கிறது. குறை கேபிளிலோ திரையிலோ. வந்த கையோடு கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் அதே கோடுகளும் கறைகளும் தெரிந்தால் குற்றம் திரையுடையது அல்ல. அப்போது புதுத் திரை வாங்கினால் பணம் வீண்.

அந்த மாணவியின் கணினி தொலைக்காட்சியில் அழகாகப் படம் காட்டியது. அன்றிரவே அறிக்கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மூடியை மெல்ல மெல்லச் சாய்த்துப் பார்த்தோம். ஒரு கோணத்தில் திரை மின்னி எழுந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் அணைந்தது. அதுபோதும்! ஒவ்வொரு நாளும் திறந்து மூடுகையில் கீலில் வளைந்து வளைந்து நைந்த கேபிள்தான் குற்றவாளி. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

திரை முழுதும் வெறும் வெள்ளையாக ஒளிர்ந்தாலும் கேபிளைச் சந்தேகியுங்கள். பழைய வகைத் திரைகளில் மின்னழுத்தம் இல்லாதபோது கதவுகள் திறந்தே இருக்கும். பின்னொளி எரிந்து, செய்தி வராவிட்டால் வெண்மைதான் மிஞ்சும். மாறாக, மேலிருந்து கீழாக ஒரே ஒரு நிறக்கோடு அசையாமல் நின்றால், அந்த நெடுவரிசைக்குச் செல்லும் நுண்ணிய இணைப்பு திரையின் விளிம்பில் விட்டிருக்கும். உறுதி செய்ய எளிய வழி, கணினியைக்கொண்டே திரைப்படி ஒன்று எடுத்து அதைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்ப்பது. படியில் கோடு இல்லையென்றால் கோடு திரையில் இருக்கிறது. மை கொட்டியதுபோன்ற கறையும் அதிலிருந்து ஓடும் விரிசலும் இருந்தால் சோதனையே தேவையில்லை. விசைப்பலகையின் மேல் பேனாவை வைத்துவிட்டு மூடியை அழுத்தியிருப்பீர்கள்!

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால்

முதலில் பழைய திரையைக் கழற்றிப் பின்புறச் சீட்டில் அச்சிட்டுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயருள்ள கணினியில் வெவ்வேறு திரைகள் வருவதுண்டு. திரையின் எண்ணில் 156 என்று இருந்தால் பெரும்பாலும் அது 15.6 அங்குலத்தைக் குறிக்கும்; 140 என்றால் 14 அங்குலம். அளவு ஒன்றானாலும் இணைப்பான் ஒன்றாக இருக்கவேண்டும். பழைய எல்.வி.டி.எஸ். முறையும் பின்வந்த இ.டி.பி. முறையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. 30 முனையா 40 முனையா, திருகாணிக் காதுகள் எங்கே உள்ளன என்பதையும் ஒப்பிடுங்கள்.

வேலையில் இறங்குமுன் செய்யவேண்டிய ஒன்றை எத்தனை முறை சொன்னாலும் தகும்: மின்னேற்றியைப் பிடுங்குவது போதாது, மின்கலத்தையும் துண்டியுங்கள். மின்கலம் உள்ளே இருந்தால் அடிமூடியைத் திறந்து அதன் இணைப்பைக் கழற்றுங்கள். பின்னொளிக்காக மின்கலத்தின் முழு மின்னழுத்தமும் திரைக் கேபிளின் சில முனைகளில் வந்து நிற்கிறது. பக்கத்திலேயே 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் நுண்ணிய முனைகள். கேபிளைச் செருகும்போது மயிரிழை கோணினால் போதும், தாய்ப்பலகையில் ஃபியூஸ் எரிந்துபோகும். புதுத் திரை போட்டும் இருள் நீங்காத கதைகள் பல இப்படித்தான் பிறக்கின்றன.

முன்சட்டத்தின் ஓரத்திலுள்ள ரப்பர்ப் பொட்டுகளின் அடியில் திருகாணிகள் ஒளிந்திருக்கலாம். அவற்றை எடுத்தபின் பழைய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்துச் சட்டத்தை நெம்புங்கள். இரும்புத் திருப்புளி வேண்டாம். திரையின் திருகாணிகளைக் கழற்றி, துணி விரித்த விசைப்பலகையின்மேல் திரையை முகம் குப்புறச் சாயுங்கள். கேபிளின் மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்து, கம்பிப் பூட்டு இருந்தால் அதைத் தூக்கி, கேபிளைத் திரைக்கு இணையாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் இணைப்பான் பெயர்ந்துவிடும். புதியதைச் செருகி, சட்டம் மூடுமுன்பே மின்கலத்தை இணைத்துப் படம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மீண்டும் மின்கலத்தைத் துண்டித்த பிறகே கேபிளைத் தொடவேண்டும். தொடுதிரை, பசையால் ஒட்டிய கண்ணாடி ஆகியவை உள்ள கணினிகளில் நீங்களே கைவைக்காமலிருப்பது நல்லது. அது பழகிய கைகளின் வேலை.

கழற்றிய திரையைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். எல்.இ.டி. வருமுன் இருந்த பழைய திரைகளின் குழல்விளக்கில் சிறிதளவு பாதரசம் உண்டு. அதை உடைக்கவே கூடாது. எல்.இ.டி. திரையாக இருந்து கண்ணாடியும் முழுசாக இருந்தால், அதன் பின்னாலுள்ள ஒளி பரப்பும் தகட்டையும் வெள்ளைத் தாள்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு சிறு விளக்கைப் பொருத்தினால் வரைபடங்களைப் படியெடுக்க அருமையான ஒளிப்பலகை கிடைக்கும்.